ஒரு பக்கம் மட்டும் கேட்ட போன்

இரண்டு ஊரில் இருக்கும் இரண்டு போன்களை ஒன்றோடொன்று பேச வைப்பது என் பிழைப்பு. மனிதர்களோடு பேசுவது எனக்கு அவ்வளவாக வராது. வந்திருந்தால் என் மனைவியும் மகளும் கோயம்புத்தூரில் இருக்க மாட்டார்கள். சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மகளின் படிப்புக்காகப் போனார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீண்டு இப்போது ஆறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நான் கூப்பிடுவேன். "சாப்பிட்டியாம்மா?" என்பேன். "ம்" என்பாள். மற்ற நாட்களில் தென்காசி வீட்டில் என் குரலை நான் கேட்பதே குக்கர் விசிலை எண்ணும்போதுதான். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவேன். யார் கேட்கப்போகிறார்கள்?

என்னிடம் வேலை வாங்குகிறவர்களில் பெரிய கை ஒருவர். ஊரே அவரை அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படியே. தென்காசியில் தலைமை ஆபீஸ், பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி, குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். மூன்றுக்கும் இன்டர்காம் போட்டுக் கொடுத்து, வருடா வருடம் பராமரிப்பும் பார்க்கிறவன் நான். அண்ணாச்சிக்கு செல்போனில் நம்பிக்கை கிடையாது. செல்லில் பேசுகிறவன் எந்த டீக்கடையில் நிற்கிறான் என்று யார் கண்டது? இன்டர்காமை எடுத்தால் ஆள் சீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். அதனால் காலையில் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, சாப்பிட்டு முடித்து ஒரு தடவை என்று தினமும் மூன்று முறை எல்லா இடத்துக்கும் போனிலேயே ரவுண்டு வருவார். வேலையாட்கள் அவர் செல்லுக்குக் கூப்பிட்டால் எடுக்கமாட்டார்.

லாட்ஜில் ரிசெப்ஷனில் இருந்தது இலஞ்சியிலிருந்து வரும் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் அவளும் நாலாம் வகுப்புப் படிக்கும் மகளும் மட்டும். மூன்றரைக்கு டூட்டி முடித்து பஸ் ஏறினால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் அந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவளுடைய எக்ஸ்டென்ஷன் எண் மட்டும்தான்.

விஜயதசமி முடிந்த இரண்டாம் நாள் அவள் என் செல்லுக்குக் கூப்பிட்டாள்.

"சார், மொதலாளி இன்டர்காம்ல பேசுதது எனக்குக் கேக்குது. நான் பேசுதது அவுகளுக்குக் கேக்க மாட்டேங்கு."

"பாவூர்சத்திரத்துல இருந்து கூப்பிட்டா?"

"அங்கன நல்லா கேக்குது சார். ரெண்டு பக்கமும் கேக்குது."

"அப்ப லைன்ல ஒண்ணும் இல்லம்மா. ரிசீவரைச் சரியாப் பிடிச்சுப் பேசுங்க. ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாரமே இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. வேலையாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒரு தடவை சோறு வடித்துக்கொண்டிருந்தேன், இன்னொரு தடவை சும்மா படுத்திருந்தேன். போனைப் பற்றித் தெரியாதவர்கள் போனைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த வாரம் அண்ணாச்சியே கேட்டார். "என்னவே, குற்றாலத்துப் போன்ல ஏதும் கோளாறா? அந்தப் பிள்ளை எடுக்குதா, வாயைத் திறக்க மாட்டேங்கா."

நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மூன்று ஊரிலும் எல்லாப் போன்களுக்கும் நேராகப் பச்சை விளக்கு. "எல்லாம் பச்சையா இருக்கு அண்ணாச்சி. நம்ம பக்கம் ஒரு குறையும் இல்ல" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார் அவர். "விஜயதசமி அன்னைக்கு லீவு கேட்டா. கொடுக்கல. அன்னைக்குக் காலையில இருந்து பேச்சை நிறுத்திட்டா. பாவூர்சத்திரத்துக்காரன் கூப்பிட்டா பேசுதா, போன் ரிப்பேர்னு அவன்கிட்ட கதை விடுதா. நான் கூப்பிட்டா ஊமையாயிருதா. என்ன வீம்பு பாத்தீரா?"

என் பச்சை விளக்கு அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தீபாவளி வந்தது. மனைவியும் மகளும் வரவில்லை, நானும் போகவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்தது. அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டார்கள், லாட்ஜ் காலியாகக் கிடந்தது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் வரத் தொடங்குவார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, அண்ணாச்சி கூப்பிட்டார்.

"குற்றாலத்துக்குத் திங்கக்கிழமையில இருந்து புதுப் பிள்ளை வருது. போன்ல பேரை மாத்தணும்லா? இன்னைக்கே போயிட்டு வந்துரும்."

"இப்ப இருக்கிற அம்மா?"

"வார சனிக்கிழமையோட நிக்கச் சொல்லியாச்சு. ஒரு மாசமா மொகத்தைத் தூக்கிக்கிட்டு இருக்கவளை வச்சுக்கிட்டு நான் எப்படிவே சீசன் பாக்க?"

சரி என்றேன். எனக்கென்ன வந்தது என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் போனேன். லாட்ஜ் ஹாலில் ஈர வாடை. மேசைக்குப் பின்னால் அவள் மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பேரை மாத்த வந்திருக்கீங்க, அப்படித்தான சார்?"

"யாரு சொன்னா?"

"மொதலாளிதான் போன்ல சொன்னாவ. அவுக சொல்லுதது எல்லாம் எனக்குத்தான் கேக்குதே."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான் போனைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

இரண்டேகாலுக்கு மணி அடித்தது. சின்னத் திரையில் தென்காசி ஆபீஸ் எண். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ரிசீவரை எடுக்காமல் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினாள்.

"வணக்கம் மொதலாளி. லாட்ஜுல இருந்து பேசுதேன். கேக்குதா மொதலாளி?"

"ஹலோ" என்றார் அண்ணாச்சி. பக்கத்து அறையில் இருப்பதுபோலத் தெளிவாக இருந்தது.

"எனக்குக் கேக்குது மொதலாளி. நீங்க பேசுதது நல்லாக் கேக்குது."

"ஹலோ… ஏட்டி, எடுத்துட்டேல்லா? வாயில என்ன கொழுக்கட்டையா? இன்னும் ரெண்டு நாள்தான், அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசுனா கொறைஞ்சா போயிருவ?"

"பேசுதேன் மொதலாளி. பேசிக்கிட்டேதான் இருக்கேன்."

"ஒன் திமிருக்கு எங்க போனாலும் நீ உருப்பட மாட்ட. பிள்ளையும் ஒன்னப் பாத்துத்தான வளரும்?"

வைத்துவிட்டார். அவள் ஸ்பீக்கரை அணைத்தாள். "ஒரு நாளைக்கு மூணு தடவ சார்" என்றாள். கேட்காது என்று தெரிந்தும் அவள் முழு வணக்கம் சொன்னதுதான் என்னை என்னவோ செய்தது. ஒரு மாதமாக, ஞாயிறு நீங்கலாக, தினமும் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, இது போன் கோளாறு இல்லை, வழிக் கோளாறு. இன்டர்காமில் மணி அடிப்பது ஒரு வழியாகவும் பேச்சு போவது இன்னொரு வழியாகவும் நடக்கும். மணியை ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டிகள் தங்களுக்குள் பேசி அடித்துவிடும். எடுத்த பிறகு பேச்சு பெட்டிகளைச் சுற்றாமல் போனிலிருந்து போனுக்கு நேராகப் போகும். எந்த ஊருக்கு எந்தப் பக்கம் என்று காட்டுவது ரவுட்டர். அதற்குத் தெரியாத ஊரைக் கேட்டால் தெரியாது என்று சொல்லாது. நம் பஸ் ஸ்டாண்டில் சிலர் இருக்கிறார்களே, கேட்ட ஊர் தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், அந்த மாதிரி. அவள் சொன்ன வணக்கமெல்லாம் தென்காசிக்கு வராமல் வெளியே இன்டர்நெட்டில் போய்த் தொலைந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு, போன் அதனதன் பெட்டியோடு இணைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், பேச்சைப் பற்றிச் சொல்லாது. இருபது வருடம் இதே வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். எழுந்து வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தேன். ரவுட்டரின் நெற்றியில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். பக்கத்தில் யுபிஎஸ்ஸுக்கும் அப்படியே. மேலே போட்ட செவ்வந்திப் பூ கருகிச் சுருண்டிருந்தது.

"பூஜைக்கு இதையெல்லாம் அணைச்சீங்களா?"

"ஆமா சார். வருசா வருசம் எல்லாத்தையும் அணைச்சு, தொடச்சு, பொட்டு வச்சுருவோம். அன்னைக்கு ஒரு நாள் அதுக்கும் ஓய்வுலா? மறுநாள் காலையில நான்தான் போட்டேன்."

கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தேன். கடைசியாகத் தொடங்கியது எப்போது என்று ரவுட்டரே சொன்னது: விஜயதசமி காலை. அதில் எழுதியிருந்த வழிகளைப் பார்த்தேன். பாவூர்சத்திரத்துக்கு வழி இருந்தது. தென்காசி எக்ஸ்சேஞ்சுக்கு வழி இருந்தது. தென்காசியில் மாடி கட்டிய பிறகு புதிதாகப் போட்ட போன்களுக்கு, அண்ணாச்சியின் மேசைப் போனும் அதில் ஒன்று, வழி இல்லை.

ஆனி மாதம் நான்தான் அந்த வழியை எழுதினேன். இதே அலமாரிக்கு முன் உட்கார்ந்துதான். எழுதினால் உடனே வேலை செய்யும். ஆனால் சேமிக்கச் சொல்லி இன்னொரு வரி தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அணைத்துப் போட்டதும் மறந்துவிடும். அந்த வரியைத் தட்டப்போகும்போது என் செல் அடித்தது. மகள். புதன்கிழமை, மகள். வார நாளில் அவள் கூப்பிட்டதே கிடையாது. பதறிப்போய் வெளியே ஓடினேன். காலேஜ் விண்ணப்பத்துக்கு என் ஆதார் நகல் வேண்டுமாம். அனுப்புகிறேன் என்றேன். வேறென்னம்மா என்றேன். "ஒண்ணும் இல்லப்பா, வைக்கேன்" என்றாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சாரலில் வெகுநேரம் நின்றிருந்தேன். அவள் 'அப்பா' என்று சொன்னதை மறுபடியும் மறுபடியும் நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து கம்ப்யூட்டரை மூடிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். யுபிஎஸ் இருந்ததால் எத்தனை முறை கரண்ட் போனாலும் ரவுட்டர் அணையவில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அதை யாராவது கையால் அணைப்பார்கள்.

அந்த வழியை மறுபடி எழுதினேன். சேமித்தேன். சேமித்ததா என்று இரண்டு தடவை பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என் மேல தப்பு இல்லல்லா சார்?"

"இல்லம்மா. லைன்ல கோளாறு" என்றேன். என் தப்பு என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். வாய் வரவில்லை. "நான் தென்காசி போய் அண்ணாச்சிகிட்ட நேர்ல சொல்லுதேன். அங்கன இருந்து கூப்பிடுதேன். அதுவரைக்கும் நீங்க கிளம்பிராதீங்க."

"மூணரை பஸ்ஸை விட்டா பிள்ளை நிக்குமே சார்" என்றாள். பிறகு, "சரி, பக்கத்து வீட்டுல சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

மேலகரம் வழியாகத் திரும்பும்போது பைக்கில் பொய்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்டர்நெட்காரன் கோளாறு, இடி விழுந்தது, ஈரம் இறங்கிவிட்டது. எதைச் சொன்னாலும் அண்ணாச்சி நம்பியிருப்பார். ஆனால் அவர் உடனே, போன மாதம் எல்லாம் பச்சை என்றீரே என்று கேட்பார். அப்போது நான் மறுபடி ஒரு பொய் சொன்னால் அது மறுபடி அவள் தலையில்தான் போய் விழும். அதைச் செய்ய எனக்குத் தெம்பில்லை. நல்லவன் என்பதால் இல்லை. அந்த வணக்கத்தைக் கேட்டுவிட்டேன், அதனால்.

அண்ணாச்சி முன் உட்காராமல் நின்றே சொன்னேன். ஆனியில் நான் சேமிக்காமல் விட்டது, பூஜைக்கு அணைத்தது, அவள் எனக்குக் கூப்பிட்டது, நான் எடுக்காதது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்குத் திட்டு விழும், ஒப்பந்தம் போய்விடும் என்று காத்திருந்தேன்.

"அப்ப அவ பேசிக்கிட்டுத்தான் இருந்தாளா?"

"ஆமா அண்ணாச்சி. தினமும்."

"நான் பேசுனதெல்லாம் அவளுக்குக் கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு."

அவர் முகம் மாறியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போனை என் பக்கம் தள்ளினார். "நீரே பேசும்வே. திங்கக்கிழமை எப்பவும்போல வரச் சொல்லும்."

எண்ணை அமுக்கினேன். ஒரே மணியில் எடுத்தாள். "வணக்கம் மொதலாளி. லாட்ஜுல இருந்து பேசுதேன். கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றேன். "நான்தான் பேசுதேன். நல்லா கேக்குது."

"மொதலாளி பக்கத்துல இருக்காவளா?" என்றாள்.

"இருக்காவ."

"அவுககிட்ட கொடுங்க சார்."

கொடுத்தேன். அவர் காதில் வைத்துக்கொண்டார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த லைனை ஒழுங்கு பண்ணியவன் நான், மூன்றடி தள்ளி நின்று ஒரு சொல்கூடக் கேட்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் "ம்" என்றார். மறுபடி "ம்" என்றார். ஒருமுறை "நான் அப்படி நெனச்சுச் சொல்லலம்மா" என்றார். அண்ணாச்சி யாரையும் 'அம்மா' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிறகு ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் வருவாளாம். அதுக்கு மேல வரமாட்டாளாம்" என்றார். "கேட்டது கேட்டதுதான்னு சொல்லுதா."

என் ஒப்பந்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அது அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை புதுப் பிள்ளை வந்தாள், நான் பெயரை மாற்றிக் கொடுத்தேன். தப்புச் செய்தவன் வேலையில் இருக்கிறேன், தப்புச் செய்யாதவள் போனாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். எண் என் செல்லில் இருந்தது, நான் எடுக்காமல் விட்ட இரண்டு அழைப்புகளாக. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன். அவள் எடுத்தாள்.

"ஹலோ."

என்னால் முடியவில்லை. தாளைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன்.

"ஹலோ… யாரு… சார், நீங்களா? ஒங்க நம்பர் தெரியுது." பின்னால் ஒரு குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது. "ஃபேன் சத்தம் கேக்குது சார். லைன் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் பேச மாட்டேங்கீங்க."

"என் தப்பும்மா" என்றேன். "ஆனியில நான் செஞ்ச தப்பு. நீங்க மூணு தடவ கூப்பிட்டீங்க. நான் கேக்கல. மன்னிச்சிருங்க."

குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டில் தட்டி நின்றது. அவள் போனைத் தள்ளிப் பிடித்து, "ஏழெட்டு அம்பத்தாறு" என்று எடுத்துக் கொடுத்தாள். பிறகு என்னிடம், "மறுநாளே மொதலாளி கூப்பிட்டுச் சொல்லிட்டாவ சார்" என்றாள்.

நான் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"பிள்ளைக்குச் சோறு வைக்கணும். வைக்கட்டுமா சார்?"

"சரிம்மா" என்றேன். அவள் வைத்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் செல்லைக் காதிலேயே வைத்திருந்தேன்.